ஆடிக் காற்றுக்கு எந்தப் பெப்பர் ஸ்ப்ரே?

போன ஆனி மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர், தற்காப்புக்கு எந்தப் பெப்பர் ஸ்ப்ரே வாங்குவது என்ற கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். முதலில் அக்கா மகள். மலைக்கு மேலே, கேரளத்து ஆரியங்காவில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். கடையை அடைத்துவிட்டு, கோட்டைவாசல் வழியாக மலை இறங்கும் பஸ்ஸைப் பிடித்து, தமிழ்நாட்டுப் பக்கம் புளியரையில் இறங்கும்போது மணி ஒன்பது தாண்டிவிடும். அங்கிருந்து வீட்டுக்குப் பத்து நிமிட நடை, இரண்டு பக்கமும் வயல். அடுத்தது எங்கள் தெரு டீக்கடை அக்கா. விடியற்காலை நாலரைக்கே பாய்லரைப் பற்ற வைப்பவர். மூன்றாவது, கொல்லத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண். அவள் கேட்கவில்லை, அவள் அம்மா கேட்டார். ஆறு வருஷமாக என் பையில் ஒரு டப்பா கிடப்பது தெருவுக்கே தெரியும்.

மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பேரைப் பற்றி முதலில்

பெப்பர் ஸ்ப்ரே என்பதைப் பத்திரிகைகள் மிளகு ஸ்ப்ரே என்று எழுதுகின்றன. மலைக்கு மேற்கே மரத்தில் ஏறிக் கிடக்கிறதே மிளகுக்கொடி, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே இருப்பது மிளகாய்ச் சாறு. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் களத்தில் காயும் வற்றலின் இனம்தான். டப்பாவில் 'ஓசி' என்று போட்டிருக்கும். காசு கொடுக்காத ஓசி என்று நினைத்துவிடாதீர்கள். ஒலியோரெசின் கேப்சிகம் என்பதன் சுருக்கம் அது, மிளகாயிலிருந்து பிரித்தெடுத்த எண்ணெய்ப் பிசின்.

அதிலிருக்கும் கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பு முனையை ஏமாற்றுகிறது. தீப்புண் எதுவும் இல்லாமலே தீப்பட்டது போல எரிகிறது. கண் தானாக மூடிக்கொள்ளும், இருமல் வரும், மூச்சு திணறும். இந்த உணர்வியைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த எரிச்சல் உண்டு, நாய் உட்பட. பறவைக்குக் கிடையாது, கிளி மிளகாய்ப்பழத்தைக் கொத்தித் தின்னும் ரகசியம் இதுதான்.

எதை வைத்து எடை போடுவது

கடைக்காரர் முதலில் சொல்வது கார அளவு. "இது 20 லட்சம் ஸ்கோவில்மா" என்பார், ஸ்கோவில் என்பது காரத்தை அளக்கும் அலகு. நான் அதைக் கடைசியில் வைப்பேன். அந்தக் கணக்கு பெரும்பாலும் கலப்பதற்கு முந்தைய சாற்றினுடையது. ஓசி 10 சதவீதம், 15 சதவீதம் என்பதும் முழு உண்மையைச் சொல்லாது. காரமில்லாத மிளகாயிலிருந்து எடுத்த சாறும் ஓசிதான். உண்மையான கணக்கு, கலவையில் கேப்சைசின் வகைப் பொருள்கள் எத்தனை சதவீதம் என்பது. அமெரிக்காவில் விற்பவற்றில் பலவற்றில் இது 0.18 முதல் 1.33 சதவீதம் வரை இருக்கும். தென்காசிக் கடைகளில் நான் புரட்டிப் பார்த்த டப்பாக்களில் இந்த எண்ணே இல்லை. இல்லாத எண்ணை வைத்து என்ன தேர்வு செய்வது?

அதனால் என் கேள்விகள் வேறு. நீங்கள் நடக்கும் இடத்தில் காற்று எப்படி? திறந்த வெளியா, பஸ், ரயில் மாதிரி அடைந்த இடமா? பதற்றத்தில் கை நடுங்கினாலும் குறி தப்பாமல் இருக்குமா? இருட்டில் எத்தனை விநாடியில் கைக்கு வரும்? கடைசியாக, இரண்டு வருஷத்துக்கு மொத்தச் செலவு எவ்வளவு?

இவற்றில் எங்கள் ஊருக்குத் தலையாயது காற்று. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வரும் காற்றும் சாரலும் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குச் சுகம். இரவு நடந்துபோகிற எங்களுக்கு அது வேறு கதை. அக்கா மகள் பஸ்ஸிலிருந்து இறங்கி மேற்கே பார்த்துத்தான் நடக்க வேண்டும். அதாவது, முன்னால் வருகிறவன் மேல் அடித்தால் பாதி அவள் முகத்துக்கே திரும்பும். பின்னால் வருகிறவன் மேல் திரும்பி அடித்தால் காற்றே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒரே பாதை, ஒரே டப்பா, இரண்டு விளைவு.

கூம்பாக விரியும் ஸ்ப்ரே

செண்ட் பாட்டில் மாதிரி விரிந்து மேகமாக நிற்பது. கடைகளில் 200 முதல் 400 ரூபாய்க்குள் கிடைப்பதில் பெரும்பாலும் இந்த வகைதான்.

இதன் பலம், குறி பார்க்கத் தேவையில்லை என்பது. முகம் இருக்கும் திசையில் அடித்தால் போதும்; கண்ணில் படாவிட்டாலும் மூச்சில் ஏறும். வீட்டில் வற்றல் வறுக்கும்போது முன் அறை வரை கமறுமே, அந்தக் கமறலைப் பத்து மடங்காக நினைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு அடிக்குள் இதைவிட வேகமாக ஆளை நிறுத்தும் வகை இல்லை.

பலவீனமும் அதே கமறல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொல்லைச் சுவரில் கரித்துண்டால் முக அளவுக்கு ஒரு வட்டம் போட்டு, பத்தடி தள்ளி நின்று அடித்துப் பார்த்தேன். ஆரஞ்சு நிறப் புகை பாதி தூரம் போனது. கொஞ்சம் தயங்கியது. அப்புறம் அப்படியே மடங்கி என்மேல் வந்தது. நான் மேற்கே பார்த்து நின்றிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனைக்கும் அது பெரிய காற்று கிடையாது, கொடியில் கிடந்த துண்டு லேசாக ஆடிய அளவுதான். கண் எரிச்சல் அடங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. காந்தாரி மிளகாய் கிள்ளிய கையோடு கண்ணைக் கசக்கியவர்களுக்கு அந்த வேதனையில் கால்வாசி தெரியும். மதினி குழாயடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சிரித்தாள். "திருடன் வந்தா இதையே செய், பாவம்னு விட்டுட்டுப் போயிருவான்" என்றாள்.

அடைந்த இடத்தில் இன்னும் மோசம். 2014 பிப்ரவரியில் தெலங்கானா மசோதாவின்போது மக்களவைக்குள் ஆந்திர எம்.பி. ஒருவர் பெப்பர் ஸ்ப்ரே அடித்தது நினைவிருக்கும். அத்தனை பெரிய மண்டபத்திலேயே ஆளாளுக்கு இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள், சிலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கண்ணாடி ஏற்றிய பஸ்ஸுக்குள் அடித்தால் குழந்தை, கிழவர், டிரைவர் என்று பாகுபாடில்லை. மலைப்பாதை வளைவில் டிரைவர் கண்ணை மூடினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தென்காசி மாதிரி வீடுகள் நெருங்கிய தெருவில் நடப்பவர்களுக்கும், குறி பார்த்துப் பழக நேரமோ பொறுமையோ இல்லாதவர்களுக்கும் இது சரி. கணவாய்க் காற்றில் நடப்பவர்களுக்கு, ஆனி முதல் ஆவணி வரை, கட்டாயம் சரிப்படாது.

தாரையாகப் பாய்வது

பிள்ளைகள் விளையாடும் தண்ணீர்த் துப்பாக்கி மாதிரி ஒரே கோடாகப் பாயும். பத்துப் பன்னிரண்டு அடி எட்டும். காற்று இதைக் கொஞ்சம் வளைக்கும், ஆனால் திருப்பி அனுப்பாது. சிதறித் தெறிக்கும் துளிகள் வரத்தான் செய்யும், அது பொறுக்கக்கூடியது.

அதே சுவரில் இதையும் அடித்தோம். முதல் மூன்று முறையும் வட்டத்துக்குக் கீழேயே விழுந்தது. நான்காவது முறைதான் அக்கா மகள் ஒன்றைக் கண்டுபிடித்தாள்: குறி பார்த்துவிட்டு அழுத்தக் கூடாது, அழுத்திக்கொண்டே தாரையை மேலே ஏற்ற வேண்டும், தோட்டக் குழாயைப் பிடிக்கிற மாதிரி. அதன்பிறகு இரண்டு முறை வட்டத்தில் பட்டது. இந்தச் சின்னப் பழக்கம் இல்லாமல் தாரை ஸ்ப்ரேயை வாங்கிப் பையில் போட்டால் பலனில்லை. கழுத்தில் பட்டு வழிந்தால் எதிராளிக்கு எரியும், ஆனால் பார்வை இருக்கும். பார்வை இருக்கிறவன் துரத்துவான்.

நாய்க்கும் இது நல்லது. அமெரிக்காவில் தபால்காரர்கள் நாய்க்கென்றே மிளகாய் ஸ்ப்ரே வைத்திருப்பது வழக்கம். காட்டுப்பன்றிக்கோ யானைக்கோ இதை நம்பி நிற்காதீர்கள். புளியரையில் இரண்டும் வயலுக்கு இறங்கும் ஊர் என்பதால் சொல்கிறேன்.

ஜெல்

தாரையின் அண்ணன். பசை மாதிரி கெட்டியாகப் போய் ஒட்டிக்கொள்ளும், துடைக்கத் துடைக்கப் பரவும். தூரம் பதினைந்து அடி வரை எட்டும், காற்றுக்கு அசையாது, அறைக்குள் அடித்தாலும் கமறல் குறைவு. பஸ்ஸில், ரயில் பெட்டியில், லிஃப்டில் அடிக்க வேண்டி வந்தால் இதுதான் மற்றவர்களுக்குக் கேடு குறைந்தது.

கேட்கவே நன்றாக இருக்கிறது அல்லவா? செங்கோட்டை, தென்காசிக் கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை. ஆன்லைனில் வந்தது சாதாரண ஸ்ப்ரேயைப் போல மூன்று மடங்கு விலை. இன்னொரு குறை, மூச்சில் ஏறாது என்பது. கண்ணில் பட்டால்தான் வேலை, அதுவும் ஊறி இறங்க இரண்டொரு விநாடி கூடுதலாகும். மூக்குக்கண்ணாடி போட்டவன், ஹெல்மெட் போட்டவன் மேல் அடித்தால் கண்ணாடிதான் அழுக்காகும்.

மிளகாய்ப்பொடியும் மற்றதும்

பொட்டலத்தில் மிளகாய்ப்பொடி வைத்துக்கொண்டால் போதாதா என்று அம்மா தலைமுறை கேட்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், பொடி எங்கே போகும்? பொட்டலத்தைப் பிரிக்க இரண்டு கையும் வேண்டும். சாரலில் நனைந்தால் கட்டி. இதை விட்டுவிடலாம்.

கையடக்க அலாரம் அப்படித் தள்ளக்கூடியது இல்லை. ஊசியைப் பிடுங்கினால் காது கிழிய அலறும், 120 டெசிபலுக்கு மேல் என்று போட்டிருக்கும். குறி வேண்டாம், காலாவதி கிடையாது, பேட்டரி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், போலீஸ் கேஸ் ஆகாது. ஆனால் அலாரத்துக்கும் காற்றுக் கணக்கு உண்டு. காற்று போகும் திசையில் சத்தம் நெடுந்தூரம் கேட்கும், எதிர்த்திசையில் சீக்கிரம் செத்துவிடும். அக்கா மகள் நடக்கும் பாதையில் வீடுகள் மேற்கே இருக்கின்றன, காற்றும் மேற்கேயிருந்து வருகிறது. வயல் நடுவில் அலாரம் அலறினால் தவளைகளுக்குத்தான் முதலில் கேட்கும். ஹாஸ்டல் இருக்கும் தெரு, ரயில் நிலையம், பஸ் நிலையம் என்றால் கதை வேறு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நான் ஸ்ப்ரேயைச் சொல்லவே மாட்டேன், அலாரம்தான்.

ஒரே பார்வையில்

| | கூம்பு | தாரை | ஜெல் | அலாரம் |
|---|---|---|---|---|
| எட்டும் தூரம் | 7, 8 அடி | 10, 12 அடி | 15 அடி வரை | காற்றைப் பொறுத்து |
| எதிர்க்காற்றில் | திரும்பி வரும் | கொஞ்சம் தெறிக்கும் | தாங்கும் | சத்தம் குறையும் |
| பஸ், அறைக்குள் | வேண்டவே வேண்டாம் | சுமார் | நல்லது | நல்லது |
| குறி | தேவையில்லை | பழக வேண்டும் | பழக வேண்டும் | தேவையில்லை |
| கடையில் | எங்கும் | தேடினால் | ஆன்லைன் | எங்கும் |

விலைச்சீட்டில் இல்லாத செலவு

முதல் செலவு இரண்டாவது டப்பா. பழகாமல் பயனில்லை என்றேன்; பழகிய டப்பாவைப் பையில் போடக் கூடாது. ஒருமுறை அடித்தபின் டப்பாவின் மூக்கில் பிசின் காய்ந்து நிற்கும், வாயுவும் மெல்லக் கசியும். வாங்கும்போதே இரண்டு. ஒன்று சுவருக்கு, ஒன்று பைக்கு.

இரண்டாவது, காலாவதி. பெரும்பாலும் இரண்டு, மூன்று வருஷம். மிளகாயின் காரம் சீக்கிரம் போகாது, உள்ளே தள்ளும் வாயுதான் போகும். என் பையில் ஆறு வருஷமாகக் கிடந்தது என்று பெருமையாகச் சொன்னேனே, அதையும் அன்று அடித்துப் பார்த்தேன். மூக்கோரத்தில் ஒரு சொட்டு வந்து என் விரலிலேயே வழிந்தது. ஆறு வருஷம் நான் தைரியமாக நடந்தது அந்த ஒரு சொட்டை நம்பி. 300 ரூபாய் டப்பா இரண்டு என்று, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் மாதம் 25 ரூபாய் ஆகிறது.

மூன்றாவது, வெயில். 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று டப்பாவிலேயே இருக்கும். வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், கார் முன் கண்ணாடி ஓரத்தில் வைக்க வேண்டாம்.

நான்காவது, கை. சாரல் காலத்தில் ஒரு கையில் குடை, இன்னொரு கையில் போன் டார்ச். ஸ்ப்ரேயை எந்தக் கையால் எடுப்பது? அக்கா மகளுக்கு ஸ்ப்ரேக்கு முன்னால் நான் வாங்கிக் கொடுத்தது மழைக்கோட்டு. தலையில் மாட்டும் டார்ச் வீட்டிலேயே இருந்தது, ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும் அவள் அப்பாவுடையது. இப்போது இரண்டு கையும் காலி.

பூட்டையும் பார்த்து வாங்குங்கள். கட்டைவிரலால் மூடியைத் தூக்கி உள்ளே அழுத்துவது, திருகித் திறப்பது என்று இரண்டு உண்டு. இருட்டில் தடவினாலே மூக்கு எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். தூக்கும் மூடியில் அது சுலபம். சாவிக்கொத்தில் தொங்கும் குட்டி டப்பாக்கள் பார்க்க அழகு. பூட்டு தேய்ந்தால் பைக்குள்ளேயே பீய்ச்சும்.

உங்கள்மேலேயே பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் கால் மணி நேரம் கண்ணைத் திறந்து மூடிக் கழுவுங்கள், தோலுக்குச் சோப்பு, லென்ஸ் இருந்தால் உடனே கழற்ற வேண்டும். பால் ஊற்றச் சொல்வார்கள்; தண்ணீரைவிட அது மேல் என்பதற்கு நிரூபணம் இல்லை, காசுதான் நஷ்டம்.

எல்லையில் சட்டம்

ஸ்ப்ரே வாங்க லைசென்ஸ் வேண்டாம். புளியரைச் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மத்தியச் சட்டம்தான். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. தற்காப்புக்குத் தேவையானதைவிடக் கூடுதல் தீங்கு செய்யக் கூடாது என்பதும் அதிலேயே உண்டு. விழுந்து கிடப்பவன் மேல் கோபத்தில் இன்னொரு முறை அடித்தால் அது தற்காப்பு ஆகாது. வழித் தகராறு, சொத்துத் தகராறில் இதை எடுத்தால் நீங்கள்தான் குற்றவாளி. ஒரு தகராறில் ஸ்ப்ரே அடித்தவர்கள் வழக்கை ரத்து செய்யக் கேட்டபோது, 2024ல் கர்நாடக உயர் நீதிமன்றம் இதை ஆபத்தான ஆயுதம் என்று சொல்லி மறுத்திருக்கிறது.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கைப்பையிலும் கூடாது, லக்கேஜிலும் கூடாது.

இன்னொன்று, எல்லையில் இருப்பவர்களுக்கு மட்டும். எங்கள் பக்கம் போன் சில நேரம் கேரள டவரைப் பிடித்துக்கொள்ளும். 112 அடித்து மலையாளத்தில் குரல் வந்தால் திகைக்காமல் முதல் வார்த்தையாக "தமிழ்நாடு, தென்காசி மாவட்டம், புளியரை" என்று சொல்லுங்கள். கேரளத்துக்குள் இருந்தால் பெண்களுக்கு உதவும் பிங்க் போலீஸ் 1515.

யாருக்கு என்ன சொன்னேன்

அக்கா மகளுக்குத் தாரை, தூக்கும் மூடி, இரண்டு டப்பா. ஜெல்லுக்கு அவள் ஆசைப்பட்டாள். பழகி வீணாக்க மூன்று மடங்கு விலையில் டப்பா வாங்க முடியாது, பழகாத ஜெல்லைவிடப் பழகிய தாரை மேல் என்றேன். மழைக்கோட்டின் வலது பையில் அது மட்டும் இருக்கிறது, சில்லறைகூடப் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். காலாவதி மாதத்தை மூடியில் பெயின்டால் எழுதியாயிற்று.

கொல்லத்துப் பெண்ணுக்கு அலாரம். ஹாஸ்டலில் ஸ்ப்ரே அனுமதிப்பார்களா என்று வார்டனிடம் கேட்டபிறகு ஜெல்லைப் பார்க்கலாம், அவள் ரயிலில் போய் வருகிறவள்.

டீக்கடை அக்கா நான் சொன்ன எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கூம்பு, தாரை, ஜெல், காலாவதி எல்லாம். ஒரு கிளாஸ் டீயை என் முன்னால் வைத்துவிட்டுப் பாய்லரைக் காட்டினார். "நாலரை மணிக்கு இது கொதிச்சிக்கிட்டு இருக்கும், எங்கிட்ட எவன் வருவான்? வீட்டுலேர்ந்து கடைக்கு வர்ற முந்நூறு அடிக்குத்தான் பயம், அதுவும் நாய்க்குத்தான்." அந்த முந்நூறு அடிக்கு அவருக்கும் ஒரு தாரை வாங்கினோம். சுவரில் முதல் அடியே வட்டத்தின் நடுவில் பட்டது. முப்பது வருஷமாக டீ ஆற்றுகிற கை.